மத்தியானத்தில் தீர்ந்த பேட்டரி

ரத்தம் எடுத்தாகிவிட்டது. குழாய்களில் பெயர் ஒட்டி, ஐஸ் பெட்டிக்குள் அடுக்கி, பெரியவரிடம் பஞ்சை நன்றாக அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஊசியக்கா அவசரமாக வெளியே வந்தாள். கார்க் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். வழக்கமாக ரிமோட் பைக்குள் கிடந்தாலே போதும், வண்டி ஆளை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிடும். இன்றைக்குக் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றது. ரிமோட்டை எடுத்து அமுக்கினாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து அமுக்கினாள். ம்ஹூம்.

"மறுபடியுமா?" என்று வாய்விட்டே சொன்னாள்.

ரிமோட்டின் வயிற்றுக்குள் ஒரு சின்ன இரும்புச் சாவி இருக்கும். அதை உருவிக் கதவைத் திறந்தாள். திறந்த மறுநொடியே வண்டி அலாரம் அடித்து ஊரைக் கூட்டியது. எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண்மணி பல் தேய்த்தபடியே எட்டிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தேவிட்டார். ஊசியக்கா அவரைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டவைத்து அழுத்தினாள். அப்படி ஒட்டவைத்தால் பேட்டரி செத்திருந்தாலும் வண்டி கிளம்பும் என்பதை முதல் தடவை மாட்டிக்கொண்டபோதே தெரிந்துவைத்திருந்தாள். வண்டி உறுமியது, ஊளை நின்றது. அடுத்த தெருவில் வெறும் வயிற்றோடு ஒரு வீடே இவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பரிசோதனைக் கூடத்துக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவதுதான் அவள் வேலை. குத்தியதே தெரியாத கை என்று பேர் வாங்கியவள். யாரோ ஒரு குழந்தை வைத்த 'ஊசியக்கா' என்ற பட்டப்பெயர் கூடத்துக்குள்ளும் புகுந்து, கடைசியில் வீட்டுக்காரர் வாயிலும் நிலைத்துவிட்டது. விடிகாலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவாள். சாப்பிட்டதும் கட்டிலில் விழுந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள். வண்டி ஓடாவிட்டால் பிழைப்பு ஓடாது.

அன்றைக்கே வாட்ச் ரிப்பேர் கடையில் போய் நின்றாள். போன பேட்டரியும் அதற்கு முந்தியதும் அங்கே வாங்கியவைதான். ஒரு பேட்டரி வருஷக்கணக்கில் வரவேண்டும் என்று வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இவளுக்கோ ஒரு தலைவலித் தைலம் தீருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடுகிறது.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. இது கடையில ரொம்ப நாளாக் கெடந்த சரக்குதானே?"

கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த ஒற்றைக் கண்ணாடியைக் கழற்றினார். "அக்கா, இதே அட்டையிலேர்ந்து கிழிச்சுத்தான் எங்க வீட்டு எடை மெஷினுக்குப் போட்டேன். அது பாட்டுக்கு ஓடுது. நீங்க கைல வெச்சுக்கிட்டு சும்மா சும்மா அமுக்குறீங்களோ?"

"நான் என்ன சின்னப் புள்ளையா?"

"இல்ல, வீட்டுல யாராச்சும்..."

அவர் அதைப் பேச்சுவாக்கில்தான் சொன்னார். அது ஊசியக்காவின் மனசில் முள்ளாய்த் தைத்தது. புதுப் பேட்டரியைப் போடும்முன், ரத்தக் குழாய்களில் எழுதும் அழியாத பேனாவை எடுத்து அதன் முதுகில் ஒரு புள்ளி வைத்தாள். நல்ல பேட்டரியை எடுத்துக்கொண்டு செத்ததைப் போட்டுவைக்கும் கை ஏதாவது வீட்டுக்குள் இருந்தால் மாட்டிக்கொள்ளட்டும்.

வீட்டில் இருந்ததே மூன்று பேர். இவள், இவள் புருஷன், புருஷனின் தங்கை பாப்பா. முப்பது வயதைத் தாண்டியும் அவள் பாப்பாதான். புருஷன் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று மாறி மாறி வேலை, கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். கார் ஓட்டத் தெரியும், ஆனால் பயம்.

பாப்பா இந்த வீட்டுக்கு வந்த கதை வேறு. அவளைக் கட்டியவன் வேலைக்குப் போகும்போது அவளை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போகிற ஆள். வந்ததும் போனை வாங்கி யார் கூப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் பேசினாள் என்று கேட்பான். பதில் பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து கேட்பான். ஒருநாள் பாப்பா ஜன்னல் வழியாக அழுதாள் என்று கேள்விப்பட்டு, பூட்டுக்காரர் ஒருவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், பூட்டை உடைத்து, மாற்றுத் துணிகூட எடுக்கவிடாமல் கூட்டிவந்தவள் ஊசியக்காதான். அண்ணன்காரர் அன்றைக்கு 'பேசிப் பாக்கலாமே' என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பாப்பா ஹாலில் இருக்கும் சோபாவில் படுத்துக்கொள்கிறாள். ஊசியக்கா அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். போன் அடித்தால் போதும், சமையலறையிலிருந்து குரல் வரும்.

"யாரு பாப்பா? அவனா?"

"இல்ல அண்ணி. கஸ்டமர் கேர்."

"அவனா இருந்தா என்கிட்ட குடு. நான் பேசிக்கறேன்."

கடைக்குப் போனால் கூடவே போவாள். மாடிக்குத் துணி எடுக்கப் போனாள் என்றால் ஏன் இவ்வளவு நேரம் என்று படியில் வந்து நிற்பாள். பாவம், பயந்த பெண், மறுபடியும் அவன் வலையில் விழுந்துவிடக் கூடாதே என்ற அக்கறைதான்.

புள்ளி வைத்த பேட்டரியும் செத்தது. திறந்து பார்த்தாள், புள்ளி அப்படியே இருந்தது. ஆக, யாரும் மாற்றவில்லை. ஆனால் யாரோ உறிஞ்சுகிறார்கள்.

கார் சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் இருந்த பெண், கேட்ட மாத்திரத்தில் புது ரிமோட் விலையைச் சொன்னாள். ஊசியக்காவுக்கு அவள்மேலும் சந்தேகம் வந்தது. "ரிமோட்டு நல்லாத்தான் இருக்கு. வேற காரணம் என்னென்ன இருக்கு, அதச் சொல்லும்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அந்தப் பெண் சொன்னாள். "சாவிய எங்க வைப்பீங்க, மேடம்?"

"வாசக் கதவுக்குப் பக்கத்துல, ஆணியில."

"வண்டி?"

"கீழ பார்க்கிங்ல. நாங்க ரெண்டாவது மாடி."

"அப்ப அவ்வளவு தூரத்துல பிரச்சினை இல்ல. சாவி வண்டிக்குப் பக்கத்துலயே இருந்தாத்தான் ரெண்டும் ஒண்ண ஒண்ணு கூப்பிட்டுப் பேசிக்கிட்டே இருக்கும். பேட்டரி சீக்கிரம் போயிரும். போன், லேப்டாப் பக்கத்துல வெச்சாலும் ஆகாது. வெயில் படற எடத்துல வைக்கக் கூடாது. மாத்தும்போது பேட்டரிய விரலால தடவாம ஓரத்தப் பிடிச்சுப் போடணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் கொஞ்சம் யோசித்தாள். "வண்டிய நிறுத்திட்டு உள்ளயே ரொம்ப நேரம் உக்காந்திருப்பீங்களா? சாவியும் போனும் மடியில வெச்சுக்கிட்டு?"

"எனக்கேதும்மா நேரம்?"

"நீங்க இல்லன்னா வேற யாராவது?"

ஊசியக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

பார்க்கிங்குக்கு வந்ததும் வண்டியைத் துருவ ஆரம்பித்தாள். ஓடிய தூரம் இவள் ஓட்டிய கணக்குக்குச் சரியாக இருந்தது. முன்சீட்டு இவள் வைத்த வாகில்தான் இருந்தது. பின்சீட்டுக்கு வந்ததும் குனிந்து உற்றுப் பார்த்தாள். ஐஸ் பெட்டியை எப்போதும் இடதுபக்கம் பெல்ட் போட்டுக் கட்டிவைப்பாள். இப்போது பெல்ட் முறுக்கிக்கொண்டிருந்தது. யாரோ பெட்டியை எடுத்துவிட்டு மறுபடி வைத்திருக்கிறார்கள். சீட்டின் தலைப்பக்கம் ஒரு முடி. நீளமான முடி. இவளுடையது தோளைத் தாண்டாது.

ஓடாத வண்டியின் பின்சீட்டில் ஒரு பெண்ணுக்கு என்ன வேலை?

அதற்கப்புறம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டே போனது மனசு. பேட்டரி சாவது எல்லாம் புருஷனுக்கு ராத்திரி வேலை இருக்கும் வாரங்களை ஒட்டித்தான். அந்த வாரங்களில் அவர் பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார். முன்னெல்லாம் இடி விழுந்தாலும் எழுந்திருக்காமல் தூங்குகிறவர், இப்போது 'கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்' என்கிறார். அதுவும் இவள் தூங்கப் போகிற நேரம் பார்த்து.

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவருடைய போனை எடுத்துப் பார்த்தாள். அச்சகத்து மேஸ்திரி, பேப்பர் கம்பெனி, இவள், பாப்பா. வேறு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாததே இன்னும் சந்தேகமாக இருந்தது. சட்டையை முகர்ந்தாள். மை வாசனைதான் வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக ஆழம் பார்த்தாள்.

"ஏங்க, சாவி பேட்டரி திரும்பவும் போச்சு."

"அப்படியா?" அவர் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

"யாரோ வண்டிக்குள்ள உக்காந்து பேசறாங்களாம். சர்வீஸ் சென்டர்ல சொல்றாங்க."

அவருக்குப் புரையேறியது. பாப்பா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்து முடித்தவர் எரிந்து விழுந்தார். "பேட்டரி செத்தா அதுக்கும் நான்தான் பொறுப்பா? கடைக்காரன் ஏமாத்தறான், போய் அவனக் கேளு!"

கோபமே வராத மனுஷன். ஊசியக்காவுக்கு அது போதுமாக இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பாப்பாவைத் தனியே சமையலறைக்கு அழைத்து, குரலைத் தாழ்த்தினாள். "உன்கிட்டதான் சொல்ல முடியும். நான் தூங்கினப்புறம் உங்கண்ணன் சாவிய எடுத்துக்கிட்டுக் கீழ போறாரா, கொஞ்சம் பாத்துச் சொல்லு."

பாப்பாவின் முகத்தில் ரத்தம் வற்றியது. ரத்தத்தோடு புழங்குகிறவளுக்கு அது தெரியாமல் போகுமா? "நான்... கவனிச்சதில்ல அண்ணி" என்றாள். அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள் ஊசியக்கா. கூடப்பிறந்த பாசம். இருக்கட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன்.

மறுநாள் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போலப் படுத்தாள். மூச்சைச் சீராக விட்டுக்கொண்டு, பக்கத்தில் புருஷன் மெல்ல எழுந்து போவதைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலில் ஏதோ கிசுகிசுப்பு. ஆணியிலிருந்து சாவி எடுக்கும் சின்னச் சத்தம். வாசல் கதவு பூனை மாதிரி மூடிக்கொண்டது.

செருப்புகூடப் போடாமல் இறங்கினாள். கடைசிப் படித் திருப்பத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். பார்க்கிங் தூண் ஓரமாக, காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அவள் புருஷன் உட்கார்ந்திருந்தார். கையில் அச்சகத்துக் கழிவுத் தாள் ஏதோ ஒன்று. படிப்பதுபோல் பாவனை செய்தபடி அடிக்கடி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். தூணுக்குப் பின்னால் கார். கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. கண்ணாடிக்குள் பின்சீட்டில் ஒரு பெண்ணின் தலை.

ஊசியக்கா புருஷனைத் தாண்டிப் பாய்ந்தாள். "ஏய், ஏய், நில்லு!" என்று அவர் எழுந்து வருவதற்குள் கதவைப் பிடுங்கித் திறந்துவிட்டாள்.

பாப்பா.

காலை மடக்கி, ஐஸ் பெட்டியைக் காலடியில் தள்ளி வைத்துவிட்டு, மடியில் சாவியும் காதில் போனுமாக உட்கார்ந்திருந்தாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றிருந்தது. "அப்புறம் பேசறேன்" என்று சொல்லிப் போனைத் துண்டித்தாள்.

ஊசியக்காவுக்கு ஒரு நொடி நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாடா, இவள்தானா. அந்த நிம்மதி முழுதாக இறங்குவதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"யாரு போன்ல?"

பாப்பா இவளைப் பார்த்தாள். பூட்டை உடைத்து உள்ளே போன அன்று, வந்தது யாரென்று தெரியாமல் சுவரோடு ஒண்டி நின்று பார்த்தாளே, அதே பார்வை.

"அவரும் இப்படித்தான் அண்ணி கேப்பாரு. இதே மாதிரி கதவப் பிடுங்கித் திறந்துக்கிட்டு."

ஊசியக்கா கதவிலிருந்து கையை எடுத்தாள்.

"அவனும் நானும் ஒண்ணா?" என்றாள். "உன் நல்லதுக்குத்தானே பாப்பா கேக்கறேன். அவன்கிட்டயா பேசற? அத மட்டும் சொல்லிரு."

"தெரியும் அண்ணி. நீங்க என் நல்லதுக்குத்தான் கேக்கறீங்க. அதனாலதான் உங்ககிட்ட பொய் சொல்ல முடியல. ஒவ்வொரு தடவையும் கஸ்டமர் கேர், கஸ்டமர் கேர்னு எத்தனை நாள் சொல்றது? வீட்டுல உங்க முன்னாடி பேச முடியல. மாடில பேசினா பக்கத்து வீட்டுக்காரங்க துணி காயப்போடற சாக்குல வந்து நிக்கறாங்க. எனக்குன்னு சாத்திக்க ஒரு கதவு வேணும்னு தோணிச்சு. அண்ணன்கிட்ட கேட்டேன். சாவி எடுத்துக் குடுத்தாரு."

ஊசியக்கா புருஷன் பக்கம் திரும்பினாள். "இவ யார்கிட்ட பேசறா?"

"எனக்குத் தெரியாது."

"தெரியாதா? இத்தன நாளா காவலுக்கு உக்காந்திருக்கீங்க, தெரியாதா?"

"நான் கேக்கல" என்றார் அவர். தாளை மடித்து மடித்துக் கையளவாக ஆக்கிக்கொண்டிருந்தார். "கேக்காத ஒரு ஆள் வேணும்னு சொன்னா. அதுகூடச் செய்யலேன்னா நான் என்ன அண்ணன்? அன்னிக்குப் பூட்ட உடைக்கப் போனப்பவும் நான் வரல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ சும்மா இருப்பியா?"

இருந்திருக்க மாட்டாள். அது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் ஒன்றும் பெரிய மனசோடு படி ஏறிவிடவில்லை. அடுத்து வந்த நாட்களில் வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. என் வண்டி, என் சாவி, என் பிழைப்பு, எனக்கே தெரியாமல் அண்ணனும் தங்கையும் கூட்டு என்று கொதித்தாள். பாப்பா சாவிப் பக்கமே போகவில்லை. போனும் அடிக்கவில்லை. சோபாவில் சுருண்டு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க ஊசியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் மதியம் கையைத் துடைத்துக்கொண்டே சோபா பக்கத்தில் வந்து நின்றாள்.

"வண்டிக்குள்ள உக்காரறதுன்னா உக்காந்துக்க. ஆனா சாவிய உள்ள கொண்டுபோகாத. போனையும் அதையும் ஒண்ணா மடியில வெச்சுக்கிட்டா பேட்டரி ஒரு மாசம் தாங்காது. காலைல நடுத்தெருவுல நான்தான் திருடி மாதிரி நிக்கறேன்."

பாப்பா எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப எப்படித் திறக்கறது அண்ணி? இரும்புச் சாவியப் போட்டா கத்துமே."

"பால்கனிலேர்ந்து நான் அமுக்கறேன். நீ போய் ஏறிக்க. முடிஞ்சதும் மேல வந்து சொல்லு, பூட்டிடறேன்."

அப்படியே நடந்தது. பாப்பா கீழே இறங்கி நிற்பாள். மேலேயிருந்து ஊசியக்கா அமுக்குவாள். வண்டி கண் சிமிட்டும். அப்புறம் சாவியைக் கொண்டுபோய் உள்ளறை அலமாரியில் வைத்துவிட்டுப் படுப்பாள். ராத்திரி வேலை வாரமோ பகல் வேலை வாரமோ, பெயிண்ட் டப்பாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. பேட்டரியும் நிலைத்து நின்றது. வாட்ச் கடைக்காரர் வழியில் பார்த்தபோது, "என்னக்கா, இப்ப ஓடுதா?" என்று கேட்டார். "உங்க சரக்கு நல்ல சரக்குதான் அண்ணே" என்று ஒப்புக்கொண்டாள்.

ஆனால் தூக்கம்தான் முன்போல வரவில்லை. கட்டிலில் புரண்டு புரண்டு படுப்பாள். அவனாக இருக்குமோ? இனிக்க இனிக்கப் பேசி மறுபடியும் கூட்டிக்கொண்டு போய்விடுவானோ? அவன் என்றால் சிரிப்பு வருமா? அப்படியென்றால் வேறு யார்? பாப்பா படியேறி வரும்போது முகத்தைப் படிக்கப் பார்ப்பாள். சில நாள் மலர்ந்திருக்கும், சில நாள் அழுதிருக்கும். கேள்வி தொண்டை வரைக்கும் வந்து நிற்கும். அதை எச்சிலோடு விழுங்கிவிட்டு, "காபி போடட்டா?" என்பாள்.

மழைக்காலம் முடிகிற சமயம். பாப்பா ஒருநாள் மேலே வந்தவள், காபி போடட்டா என்று இவள் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

"அண்ணி, வேலை கெடச்சிருச்சு. காது மெஷின் விக்கற கம்பெனி. வர்றவங்களுக்குச் சோதனை பண்ணிப் பாக்கற வேலை. அவங்களே சொல்லித் தருவாங்க. ஆனா வேற ஊரு."

"தனியாவா?"

"கூட ஒரு ஆள் இருக்காங்க. வீடு பாத்தாச்சு."

ஒரு ஆள். ஊசியக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பால் பொங்கப் போகிறதா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள்.

"வீட்டுல காத்து வருமா?" என்றாள் கடைசியில்.

பாப்பா பின்னாலிருந்து வந்து அவள் தோளில் முகவாயை வைத்துக்கொண்டாள். "கேக்கணும்னு இருக்கு, இல்ல அண்ணி?"

"உசுரு போகுது."

"அவர் இல்ல. அத மட்டும் சொல்றேன். மத்தத நானா ஒருநாள் சொல்வேன்."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கொஞ்சம் அழுகையும்.

பஸ் நிலையத்துக்கு ஊசியக்காதான் வண்டி ஓட்டினாள். மாற்றுத் துணிகூட இல்லாமல் வந்தவள், இப்போது ரெண்டு பெட்டியும் ஒரு புதுத் தலையணையுமாக ஏறினாள். ஜன்னல் வழியாகக் கையாட்டினாள். பஸ் திரும்பிய மறுநொடியே அவள் குனிந்து போனைக் காதில் வைத்துக்கொண்டதை ஊசியக்கா பார்த்தாள்.

திரும்பி வரும்போது பக்கத்துச் சீட்டில் புருஷன் இருந்தார். அவள் பார்வையை ரோட்டிலேயே வைத்துக்கொண்டு, ஏதோ வானிலையைப் பற்றிப் பேசுவதுபோல ஆரம்பித்தாள்.

"ஏங்க, அந்தக் கூட இருக்கற ஆள்... உங்களுக்கு நெஜமாவே தெரியாது?"

"தெரியாதும்மா."

"ஆணா, பொண்ணான்னுகூட?"

"நான்தான் கேக்கலேன்னு சொன்னேனே."

அவள் சட்டென்று வண்டியை ஓரமாக நிறுத்தி, அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு பச்சைக் குழந்தை மாதிரி வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

தெரிந்திருக்கிறது என்று ஒரு சமயம் தோன்றியது. தெரியாதுதான் என்று மறு சமயம் தோன்றியது. இந்த மனுஷன் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று சலித்துக்கொண்டே ஊசியக்கா கியரைத் தட்டினாள்.